நெய்தல் வழி நடை

மக்கள் ஓய்வு நாள்களைக் கழிக்கும் முறைகள் பலவாம். ஒரு சாரார் உறவினர் இல்லம் ஏகுவர். ஒரு சாரார் குளிர்ந்த மலை நகரங்களை நாடுவர். பொருள் மிகவுடையார் கடல் கடந்து செல்வர். இவற்றுள் எதனையும் குறை கூறுதல் நமது கருத்தன்று. ஆயினும், செல்லுமிடம் யாதாயினும், ஊர்தி கொண்டு சென்ற வழியே சென்று, பிறர் காட்டியவற்றைக் கண்டு, குறித்த நேரத்தில் மீளுதலே பயணம் என்று நம்மவரிற் பெரும்பாலார் எண்ணியிருக்கின்றனர். தம் காலால் நடந்து, தம் அறிவால் வழி வகுத்துச் செல்லும் பயணமே கல்வி பயிலும் இளைஞர்க்கு ஏற்றது என்பதும், அதற்குரிய நிலம் நெய்வேலிக்கு அண்மையிலேயே உளது என்பதும், அங்ஙனம் செல்வார் முதற்கண் அறிந்துகொள்ள வேண்டுவது ஒன்று உண்டென்பதும் ஈண்டு ஒருவாறு கூறப்புகுந்தாம்.

மேனாட்டார் இத்தகைய நடைப் பயணத்தை ஒரு கலையாகவே வளர்த்துள்ளனர். மத்தியதரைக் கடலின் கரைகளில் இதற்கென்றே அமைந்த பாதைகள் பல. இத்தாலி நாட்டில் சிங்குவே தெர்ரே என வழங்கும் ஐந்து சிற்றூர்களை மலைச்சரிவில் செல்லும் ஒற்றையடிப் பாதை இணைக்கின்றது. துருக்கி நாட்டின் தென்கரையில் 1999 ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற லிசிய வழி 500 கிலோ மீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது. பாறைகளிலே வெள்ளையும் சிவப்புமாகத் தீட்டிய கோடுகள் நடப்பாரை வழிப்படுத்துகின்றன. பிரான்சு நாட்டில் கள்ளக் கடத்தலைத் தடுக்கச் சுங்கக் காவலர் நடந்து தேய்த்த பழம்பாதைகள் இன்று பொதுமக்கள் உலாவும் வழிகளாயின. அந்நாட்டில் 1976 ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், கடலை அடுத்த தனியார் நிலத்திலும் மூன்று மீட்டர் அகலத்திற்கு யாவரும் நடந்து செல்லும் உரிமையை நல்கிற்று. இப்பாதைகளிற் செல்வார்க்கு உடன்வரும் வழிகாட்டி வேண்டுவதில்லை. ஒரு நிலப்படமும், தங்குமிடங்களின் பட்டியும், பாறைமேல் தீட்டிய குறியும் போதும்.

இவற்றைப் படிக்குந்தோறும் நமது மாணவர் பெருமூச்செறிதலைக் கண்டுளேன். பெருமூச்செறிதற்குக் காரணம் யாதும் இல்லை. வழி நடத்தலும் வழி கூறலும் தமிழர்க்குப் புதியனவல்ல. பரிசில் பெற்று மீண்ட கலைஞன், வறுமையுற்று எதிரே வரும் கலைஞனுக்கு வழி சொல்வதாக அமைந்த ஆற்றுப்படை என்னும் நூல்வகை வேறு எம்மொழியில் உளது? அவற்றுள் சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனை நாடிச் செல்வானுக்குக் கடற்கரைப் பட்டினமாகிய எயிற்பட்டினத்தினின்றே வழி தொடங்கிக் கூறுகின்றது. எவ்வூரில் யார் வாழ்வர், எவர் என்ன உணவு அளிப்பர் என்பனவெல்லாம் அதன்கண் உள. கண்ணகியும் கோவலனும் புகாரினின்று மதுரைக்கு நடந்தே சென்றனர் என்பது சிலப்பதிகாரம் கற்றார் அறிந்ததே. மத்தியதரைக் கடலும் நமக்கு முற்றும் அயலதன்று. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945 ஆம் ஆண்டு வீலர் என்பார் அகழ்ந்தபோது, அக்கடற்கரை நாடுகளினின்று வந்த மதுச்சாடிகளின் உடைவுகள் கிடைத்தன. அக்கரையினர் நம் கரை தேடி வந்தனர். நாமோ நம் கரையினைக் காணாதிருக்கின்றோம்.

நெய்வேலியில் வாழும் நமக்கு இக்குறை சிறப்பாக உரியது. நமது நகரியம் திட்டமிட்டு எழுந்தது. 1956 ஆம் ஆண்டு நிறுவனம் தோன்றிற்று. அடுத்த ஆண்டு சுரங்கம் தோண்டத் தொடங்கினர். 1961 இல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குப் புலனாயிற்று. தெருக்கள் நேராக அமைந்தன. வட்டங்கள் எண்ணால் பெயர் பெற்றன. இருமருங்கும் மரங்கள் நிழல் செய்தன. இங்குப் பிறந்து வளர்ந்த பிள்ளை வழி தவறுதல் அரிது. அதனாலேயே வழி தேடும் பழக்கம் அவனுக்கு வாய்ப்பதும் அரிதாயிற்று. நகரியத்திற்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோ மீட்டரில் கடல் முழங்குகின்றது. ஆண்டிற்கொருமுறை வெள்ளிக் கடற்கரைக்குப் பேருந்தில் சென்று, சுண்டல் உண்டு, கால் நனைத்து மீள்வதன்றி, அக்கடலைப் பற்றி நாம் அறிந்தது யாது?

வியப்பான செய்தி ஒன்றுண்டு. நிலக்கரிப் படிவத்தின் கீழே மிக்க அழுத்தமுடைய நீர் உறைகின்றது. அதனை இடையறாது இறைத்தாலன்றிச் சுரங்கம் வெட்ட இயலாது. அங்ஙனம் இறைக்கும் நீரில் ஒரு பகுதி வாலாஜா ஏரியையும் பெருமாள் ஏரியையும் சார்ந்து வயல்களுக்குப் பாய்ந்து, எஞ்சியது பரவனாற்றின் வழியே கடலூர்ப் பழைய நகரை அடுத்துக் கடலை அடைகின்றது. நம் ஊர் நீர் நாள்தோறும் கடலுக்குச் செல்கின்றது, நாம் செல்வதில்லை.

இனி, நடக்க விரும்புவார்க்கு ஏற்ற வழி யாதெனின், கடலூர்த் தேவனாம்பட்டினத்தினின்று தரங்கம்பாடி வரையுள்ள கரையே என்பேன். நேர்கோட்டில் அளப்பின் ஏறத்தாழ 80 கிலோ மீட்டர். கழிகளையும் ஆறுகளையும் சுற்றிச் செல்வதால் அதனினும் மிகும். காலம், தையும் மாசியும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் கடுமையுற்றிராது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் இக்கரையை நாடுதல் அறிவுடைமையாகாது. 2011 ஆம் ஆண்டு டிசம்பர் 30 ஆம் நாள் வீசிய தானே புயல் ஆண்டின் இறுதியிலும் வந்ததை நம் நகரியத்தார் மறவார். அன்று விழுந்த மரங்களின் வெற்றிடத்தைச் சில தெருக்களில் நெடுநாள் கண்டோம். திசை, வடக்கினின்று தெற்கு. அத்திங்கள்களில் வீசும் காற்று முதுகிற்படும். காலையில் கதிரவன் இடப்புறம் கடலினின்று எழுவான்.

மணலில் நடப்பார் மணிக்கு மூன்று கிலோ மீட்டருக்கு மேல் கணக்கிடலாகாது. அலை நனைத்துச் சென்ற ஈரமணல் காலைத் தாங்கும். உலர்மணல் காலை விழுங்கும். விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்குள் நிழலை அடைதலும், பிற்பகல் மூன்றரை மணிக்குமேல் எஞ்சியதை நடத்தலும் நன்று. ஆளொன்றுக்கு மூன்று லிட்டர் நீர், தொப்பி, ஒரு துண்டு, உப்பிட்ட கடலை, காலுக்கு உறுதியான செருப்பு, புண்ணுக்கு மருந்து என்பன போதும். மூட்டை கனத்தால் மனமும் கனக்கும்.

அஞ்சுவார்க்கு ஓர் ஆறுதல் கூறுவேன். இக்கரைக்கு மேற்கே சில கிலோ மீட்டர் தொலைவில் இருப்புப் பாதை உடன் வருகின்றது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என நிலையங்கள் வரிசையாக நிற்கின்றன. கால் நொந்தவன் மேற்கு நோக்கித் திரும்பினால் புகைவண்டியேறி வீடு திரும்பலாம். நெய்வேலி நிலையத்தினின்று வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர்த் துறைமுகச் சந்திப்பை அடைதலும் எளிதே. மேனாட்டுப் பாதைகள் எல்லாவற்றிலும் இத்துணை வாய்ப்பு இல்லை.

முதல் நாள் தேவனாம்பட்டினத்தில் தொடங்குக. ஆங்கிலேயர் 1690 ஆம் ஆண்டு மராட்டியரிடம் விலைக்குப் பெற்ற புனித டேவிட் கோட்டை இங்கிருந்தது. பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லை வரையுள்ள நிலமும் விலையில் அடங்கும் என்பது உடன்படிக்கை. அவ்வாறு சுட்டு அடைந்த ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப்பட்டன. நிலத்தை அளக்க நம் முன்னோர் கோல் கொண்டனர். இவர் குண்டு கொண்டனர். 1758 இல் பிரெஞ்சுக்காரர் அக்கோட்டையைப் பிடித்துத் தகர்த்தனர். இங்கிருந்து துறைமுக முகத்தை நடந்து கடத்தல் இயலாது. பழைய நகரின் வழியே சுற்றித் தொழிற்பேட்டையைக் கடந்தே மீண்டும் கரை சேர்தல் வேண்டும். அன்றிரவு ஆலப்பாக்கத்தை அடுத்த திருச்சோபுரத்தின் பக்கம் தங்கலாம்.

இரண்டாம் நாள் சாமியார்பேட்டை வழியாகப் பரங்கிப்பேட்டை. சவுக்குத் தோப்புகளும் அடும்புக் கொடிகளும் உடன்வரும் இப்பகுதியே நடைக்கு மிக இனியது. பரங்கிப்பேட்டையில் 1781 ஆம் ஆண்டு ஐதர் அலிக்கும் ஆங்கிலேயர்க்கும் பெரும்போர் நிகழ்ந்தது. பின்னர் 1830 ஆம் ஆண்டளவில் ஹீத் என்பார் சேலத்துக் கனிமத்தை மரக்கரியால் உருக்கும் இரும்பாலை ஒன்றை இங்கு நிறுவினார். 19 ஆம் நூற்றாண்டு முடியுமுன்னரே அது மறைந்தது. எரிபொருளால் வாழும் ஊரினராகிய நாம் சிறிது நின்று நினைக்கத்தக்க இடம் இது.

மூன்றாம் நாள் வெள்ளாற்றைச் சுற்றிக் கிள்ளை வழியே பிச்சாவரம். அலையாத்திக் காட்டில் நடையில்லை, படகேயுண்டு. ஏறத்தாழ 1,100 எக்டர் பரந்த இக்காட்டில் தில்லை மரத்தை இன்றும் காணலாம். சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயரளித்த மரம் அதுவே. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையின் விசையை இக்காடு தணித்துத் தன் பின்னிருந்த சில ஊர்களைக் காத்தது. 2022 இல் உலகச் சிறப்புடைய ஈரநிலமாக இஃது அறிவிக்கப்பெற்றது. இங்கிருந்து கொள்ளிடத்தைக் கடக்கச் சிதம்பரம் சென்று பேருந்தேறுதலே வழி. நடைப் பயணத்தின் இடையே பேருந்தேறுதல் இழிவன்று. ஆற்றின் பெருமைக்கு நாம் செய்யும் வணக்கம் அது.

நான்காம் நாள் பழையாற்றினின்று திருமுல்லைவாசல். ஐந்தாம் நாள் பூம்புகார். ஆறாம் நாள் தரங்கம்பாடி. பூம்புகாரில் நின்று காவிரி கடலிற் புகுமிடத்தைக் காண்பார், கலங்கள் நிறைந்த துறை எங்கே எனத் தேடுவர். அண்மையிலுள்ள கீழையூரில் அகழ்ந்தெடுத்த செங்கற் படகுத்துறை ஒன்றே விடை கூறும். தரங்கம்பாடியில் 1620 ஆம் ஆண்டு தஞ்சை நாயக்கர் இசைவுடன் டேனிஷ்காரர் எழுப்பிய கோட்டையும், 1706 இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரின் நினைவும் உள; தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715 இல் அச்சேறி முடிந்தது இவ்வூரிலேயே. கரையோரத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. எழுதியதும் கட்டியதும் அருகருகே நிற்க, எது நிலைத்தது என்பதைக் காண்பாரே துணிக.

இவ்வளவும் தாளில் எழுதுதல் எளிது. சென்ற மாசித் திங்களில் யானும் நண்பர் மூவரும் இவ்வாறே எழுதிக்கொண்டு புறப்பட்டோம். கைப்பேசியிற் கண்ட நிலப்படத்தைப் பன்முறை ஆராய்ந்தோம், தொலைவுகளைக் கணக்கிட்டோம், உண்ணும் வேளைகளையும் குறித்தோம். எவரிடமும் எதனையும் வினவுதல் வேண்டா என்பதே எமது பெருமிதம். நான்கு நாள் யாவும் திட்டப்படியே நிகழ்ந்தன.

ஐந்தாம் நாட் காலை ஒரு சிற்றாறு கடலிற் கலக்குமிடத்தை அடைந்தோம். படத்தில் அவ்விடம் இடையறாத மணலாகத் தோன்றிற்று. எதிரிலோ இருபது முழ அகலத்திற்கு நீர் கிடந்தது. கரையில் மூதாட்டி ஒருவர் கருவாடு பரப்பிக்கொண்டிருந்தார். அவரைக் கடந்தே சென்றோம்; ஒரு சொல்லும் கூறினோமில்லை. எம்முள் உயரமானவன் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நீரில் இறங்கினான். முழங்கால், இடுப்பு, மார்பு என நீர் ஏறிற்று. திடுமெனக் காலின் கீழ் மணல் சரிந்தது. ஆற்றின் விசை அவனைக் கடல் நோக்கி இழுத்தது. யாம் கரையில் நின்று கூவினோமேயன்றிச் செய்வதறியோம். அம்மூதாட்டியின் குரல் கேட்டு அவர் பேரன் படகைத் தள்ளிச் சென்று, நண்பனின் கையைப் பற்றி இழுத்து ஏற்றினான். மூட்டை போயிற்று, ஆள் பிழைத்தான்.

நடுங்கியிருந்த எமக்குத் தேநீர் அளித்துவிட்டு அவர் சொன்ன சொற்களை அவர் வாய்மொழியாகவே தருகின்றேன்: "தம்பி, நீங்க படத்துல பார்த்தது போன வருசத்து மணலு. ஆத்து வாய் ஒரே ராத்திரியில தெறந்துக்கும். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, சாமி?" யாம் கொடுத்த பொருளை அவர் வாங்கவில்லை.

அன்று முதல் அச்சொற்களையே நினைந்துகொண்டிருக்கின்றேன். மத்தியதரைக் கரை பெரும்பாலும் பாறை. பாறையில் தீட்டிய குறி பல்லாண்டு நிற்கும். ஆங்கும் அழிவில்லை என்பதன்று. சிங்குவே தெர்ரேயில் காதற்பாதை என்னும் பகுதி 2012 இல் பாறை சரிந்து மூடப்பட்டு, 2024 இலேயே மீண்டும் திறந்தது. எனினும் பாறை ஆண்டுகளால் மாறும். நமது சோழமண்டலக் கரையின் மணலோ இரவுகளால் மாறும். ஆறு ஒருபுறம் தள்ள, அலை ஒருபுறம் திரட்ட, முகத்துவாரங்கள் திறந்தும் மூடியும் இடம்பெயர்ந்தும் நிற்கின்றன. இங்கு எக்குறியைத் தீட்டுவது? எப்படத்தை நம்புவது? இக்கரையின் நிலப்படம் தாளில் இல்லை; வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்குப் பெயரிட்டு, ஒவ்வொரு நாளும் நீரைப் பார்த்தே தொழிலுக்குச் செல்லும் பரதவர் நெஞ்சில் உளது. அது நாள்தோறும் திருத்தப்பெறும் படம். ஆதலின், வழிகாட்டியின்றி நடத்தல் என்பதை வினாவின்றி நடத்தல் எனக் கொண்டதே யாம் செய்த பிழை. உடன்வரும் வழிகாட்டி ஒருவன் இல்லையெனின், வழியில் உள்ளார் யாவரும் வழிகாட்டிகள் ஆவர் என்பதே உண்மை. ஆற்றுப்படை பாடினார் இதனை அறிந்திருந்தனர். எனவேயன்றோ வழியைக் கூறுமிடத்து வழியில் வாழ்வாரையும் கூறிச் சென்றனர்?

வினவுதற்கும் ஒரு முறையுண்டு. குப்பத்தின் கடற்கரை நமக்கு உலாவிடம். அவர்க்கு முற்றமும் பட்டறையும் அதுவே. வலையின்மேல் கால் வைத்தல், உலரும் மீனைத் தாண்டிச் செல்லுதல், கேளாது படம் எடுத்தல் என்பன பிறர் வீட்டினுள் செருப்புடன் புகுதலை ஒக்கும். ஊருள் நுழைந்ததும் முதியவரைக் கண்டு, எங்கிருந்து வருகின்றோம், எங்குச் செல்கின்றோம் என்று கூறி, ஆற்று வாய் எவ்வாறுளது, தண்ணீர் எங்குக் கிடைக்கும், இரவு எங்குத் தங்கலாம் என்னும் மூன்றையும் கேட்டல் வேண்டும். படகேற்றிக் கடத்தினாரேல் கூலியை முன்னரே பேசிக் கொடுத்தல் வேண்டும். அன்பினால் செய்தாரெனின் அன்பினை மறவாதிருத்தல் வேண்டும். தை முதல் பங்குனி வரை கடலாமைகள் இரவில் கரையேறி முட்டையிடும். ஆகலின் இருளிற் கைவிளக்குடன் மணலில் திரிதல் ஆகாது. கடலில் இறங்கிக் குளித்தலை அறவே விலக்குக. வெளித்தோற்றத்தில் அமைதியாயிருக்கும் இடத்திலும் உள்ளிழுப்பு உண்டு.

இனி, இதற்கு மறுப்புக் கூறுவாரும் உளர். இடரான செயல் என்பர் ஒருவர். உண்மையே, ஆயினும், இடர் யாம் நடந்ததனால் வந்ததன்று, கேளாததனால் வந்தது. தங்கும் விடுதியும் பாதையும் அமைந்தபின் செல்லலாம் என்பர் மற்றொருவர். விடுதி முந்திப் பயணி பிந்தி என்னும் முறையால் கடற்கரைகள் பல வேலிக்குள் அகப்பட்டுப் போயின. அம்முறை இங்கு வேண்டா. பெண் மக்கள் செல்லுதல் எங்ஙனம் என வினவுவார் பெற்றோர். அறுவர் எண்மராகச் சேர்ந்து, தங்குமிடத்தை முன்னரே உறுதி செய்து, ஆசிரியை ஒருவருடன் செல்லலாம். கரையில் நாள் முழுதும் உழைப்பாரும் மீன் விற்பாரும் பெரும்பாலும் பெண்டிரே ஆதலின், அவரோடு உரையாடி அறியும் பேறு மாணவியர்க்கே மிகுதியும் கிட்டும்.

கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம் செய்து முடிப்பேன். ஆண்டுதோறும் மாணவரைப் பேருந்திலேற்றி மலை நகரங்களுக்கு அனுப்புகின்றோம். அச்செலவில் ஒரு சிறு பகுதியைக்கொண்டு, தைத் திங்களில் ஒரு குழுவை இக்கரையில் நடக்கச் செய்தல் கூடும். அக்குழு ஒவ்வொரு குப்பத்திலும் வினவி, குடிநீர் உள்ள இடம், தங்க இசைவோர், ஆற்று வாய்களின் நிலை, படகுக் கூலி ஆகியவற்றைக் குறித்து ஒரு நடைக் குறிப்பேடு எழுதுக. அடுத்த ஆண்டுக் குழு அதனை எடுத்துச் சென்று, பிழைப்பட்டதை அடித்துப் புதியதை எழுதுக. அடித்தலும் எழுதுதலும் நிறைந்த அவ்வேடு எந்நாளும் முற்றுப் பெறாது. முற்றுப் பெறாமையே அதன் சிறப்பு. ஊராட்சிகளும் மனங்கொள்ளின், ஆற்று வாய்தோறும் ஒரு பலகை நட்டு, "கடக்குமுன் ஊரிற் கேட்க" என்னும் மூன்று சொல் எழுதி வைக்கலாம். இதனினும் சிறந்த வழிக்குறி இக்கரைக்கு இல்லை.

மாணவ நண்பர்களே! நேரான தெருவிலே பிறந்தோம் என்பதனால் நேரான வழியே உலகில் உளதென்று எண்ணிவிடாதீர். நம் சுரங்கத்து நீர் சென்ற வழியைப் பின்பற்றிக் கிழக்கே செல்லுமின். படம் எடுத்துச் செல்லுமின். கணக்கும் எழுதிச் செல்லுமின். ஆயின், கரையில் கருவாடு பரப்பும் மூதாட்டியைக் காணின், நின்று, வணங்கி, ஒரு வார்த்தை கேட்டுச் செல்லுமின்.